மேல் பட்டன் போட்டவள்

பெட்டி கட்டிலின் மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காலையில் தோசையைத் தின்றுவிட்டு வந்து திறந்து வைத்ததுதான், இன்னும் உருப்படியாக ஒன்றும் உள்ளே போகவில்லை. மஞ்சள் சுடிதார் போனது, திரும்பி வந்தது. பச்சைத் தாவணி போனது, அதுவும் திரும்பி வந்தது. அந்தமானில் போய்த் தாவணி எதற்கு, கப்பலைவிட்டு இறங்கினதும் கும்மியடிக்கவா போகிறோம் என்று தாரணி தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, ஏன், அடித்தால்தான் என்ன, டாக்டருக்குப் படிக்கப் போகிறவள் கும்மியடிக்கக் கூடாதென்று எந்த ஊர்ச் சட்டம் என்று தாவணியை மறுபடி உள்ளே வைத்தாள். வைத்த கையோடு எடுத்தாள். கஷ்டம் என்னவென்றால், இந்தப் பீரோவில் எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தால்தானே எடுத்து வைக்க. அவளும் பூரணியும் ஒரே வயிற்றில் ஒட்டுக்காக இருந்துவிட்டு ஒரே நாளில் வந்தவர்கள். பூரணி கொஞ்சம் முந்தி, இவள் கொஞ்சம் பிந்தி. அன்றையிலிருந்து ஒரே தொட்டில், ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள், ஒரே பீரோ. இது உன்னுது, இது என்னுது என்று இந்த வீட்டில் ஒரு துணிக்கும் பேர் வைத்ததில்லை. யார் முதலில் குளித்துவிட்டு வருகிறாளோ அவளுக்குப் பிடித்தது அவளுக்கு, பிந்தி வந்தவளுக்கு மிச்சம். அதற்காகவே பல்லுகூட விளக்காமல் குளியலறைக்கு ஓடியிருக்கிறார்கள், வாசற்படியில் முட்டிக்கொண்டு நெற்றி வீங்கியிருக்கிறார்கள். இப்போது இதிலிருந்து ஒன்றை எடுத்தால் அது பூரணியிடமிருந்து எடுத்தது. எடுக்காமல் விட்டால் வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏற வேண்டியதுதான். பூரணி காலேஜுக்குப் போயிருக்கிறாள், டவுன் பஸ் பிடித்து வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, பூட்டி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் கண்ணெதிரில் மட்டும் அடுக்கக் கூடாது.

ரெண்டு பேரும் ஒரே பரீட்சையைத்தான் எழுதினார்கள். ஒரே டியூஷன், ஒரே புத்தகம், நடுவில் பென்சில் கோடு போட்டு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான் என்று படித்தது. ரிசல்ட்டும் ஒரே போனில்தான் வந்தது. தாரணிக்கு வந்தது, பூரணிக்கு வரவில்லை. அவ்வளவுதான், அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு ராத்திரி பூரணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். முதுகு குலுங்கியது. தாரணி கையைக் கொண்டுபோய் அந்த முதுகுக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டு, தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல், கை மரத்துப்போகிற வரைக்கும் அப்படியே வைத்திருந்தாள். காலையில் பூரணி எழுந்து, இன்னொரு தோசை ஊத்துங்கம்மா என்றாள். ஆனால் அதற்குள் வீடு ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தது. அப்பா, முட்டை லாரி ஓட்டுகிற சென்னியப்பன், சத்தமாகக் கொட்டாவிகூட விடாத மனிதராகிவிட்டார். அம்மா ரேடியோவை நிறுத்திவிட்டாள். யாரும் யாருக்கும் மிட்டாய் கொடுக்கவில்லை. சீட்டு கிடைத்த அன்று அப்பா அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து, பூரணி கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, தண்ணித்தொட்டிக்குப் பின்னால் மூன்று பேரும் திருடர்கள் மாதிரி நின்றுகொண்டு தின்றார்கள். "மெதுவா மெல்லு, மெதுவா மெல்லு" என்று அம்மா வேறு. மைசூர்பாகை எப்படி மெதுவாக மெல்லுவது? எருமை ஒன்றுதான் சாட்சி. அதற்கும் ஒரு துண்டு கொடுத்தார் அப்பா, வெளியில் சொல்லிவிடாமல் இருக்க.

அய்யோ, ஆனால் சந்தோஷம் இருக்கிறதே, அது என்ன அடக்கினாலும் அடங்குகிற ஜாதியா? மூஞ்சியை இழுத்து வைத்துக்கொள்ள தாரணி நன்றாகவே பழகிவிட்டாள். கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டால் போதும், பார்க்கிறவர்களுக்கு ஏதோ துக்கம் மாதிரி இருக்கும். ஆனால் மொட்டைமாடியில் தலையணை உறையைக் காயப்போடும்போது வந்துவிடும், பால்காரருக்குச் சொம்பு நீட்டும்போது வந்துவிடும், காரணமே இல்லாமல் கால் ரெண்டும் தானாக ஒரு குதி குதித்துவிடும். நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன். இந்த ஒரு வாக்கியத்தை வீட்டுக்குள் அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தலையணைக்குள் சொல்லியிருக்கிறாள். எருமையிடம் சொல்லியிருக்கிறாள், அது காதை ஆட்டியது. சேலத்தில் வாங்கின வெள்ளைக் கோட்டு மெத்தைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. பூரணி அதே மெத்தையின் மேல்தான் தினம் படுக்கிறாள், பாவம். அதை ஒரே ஒரு தடவை, குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்தது பாதி உடம்பு. அந்தப் பாதி உடம்பு என்னமாய் இருந்தது! காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, குழாயைப் பார்த்து, "நாக்க நீட்டுங்க. எத்தன நாளா சளி?" என்று கேட்டாள். குழாய் சொட்டியது. "ரொம்ப முத்தவுட்டுட்டீங்களே" என்று வருத்தப்பட்டு, சீப்பை எடுத்து அதற்கு ஊசி போட்டாள். வெளியே வந்தபோது அம்மா, "யாருகிட்ட பேசிட்டு இருந்த?" என்றாள். பாட்டு என்றாள் இவள். மருந்துச் சீட்டுப் பாட்டு.

சரி, மஞ்சள் சுடிதார். மஞ்சளை எடுத்துக்கொள்ளலாம், பூரணிக்கு மஞ்சள் அவ்வளவு பிடிக்காது. பிடிக்காதா? போன கோயில் நோம்பிக்கு அவள்தானே இதைப் போட்டுக்கொண்டு ஊஞ்சலில் நின்று ஆடினாள்? இல்லை, அது நான். போட்டோவைப் பார்த்தால்தான் தெரியும், போட்டோவிலும் தெரியாது. மஞ்சள் வெளியே வந்தது. அந்தமானில் வெயில் எப்படியோ. வரைபடத்தில் தேடிப் பார்த்தாள், அம்மா தாளிக்கும்போது சிந்தின கடுகு மாதிரி கடலுக்கு நடுவில் கிடந்தது. அந்தக் கடுகுக்குள் ஒரு காலேஜ், அதற்குள் ஒரு ஹாஸ்டல், அதற்குள் ஒரு கட்டில், அதில் நான்! தாரணிக்கு உள்ளங்கால் கூசியது. ஆடு மேய்க்கிற பாப்பாயக்கா, பக்கத்து வீடு, விஷயம் கேட்டதும் மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "அந்தமானா? அங்க கைதியைத்தான கொண்டுபோயி வுடுவாங்க. நீ என்னத்தத் திருடுன சாமி?" என்றாள். "உங்க கோழியத்தான்" என்று தாரணி சொன்னாள், அப்புறம் ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், சுவருக்கு இந்தப் பக்கம் பூரணி இருந்தாள். கடலை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், கன்னியாகுமரிச் சுற்றுலாவில், அதுவும் பூரணி கையைப் பிடித்துக்கொண்டு. அலை வந்து காலுக்கடியில் மண்ணை உருவினபோது ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இப்போது அந்தக் கடலின் மேலேயே நாள்கணக்கில் போகணும். வாந்தி வரும் என்கிறார்கள். வரட்டும். முதல் வருஷமே பிணத்தை மேசையில் போட்டுக் காட்டுவார்களாம். காட்டட்டும், அதையும் பார்த்துக்கொள்ளலாம். அது எழுந்து வந்து ஒன்றும் கேட்கப் போவதில்லை. பயம் இதிலெல்லாம் இல்லை. அது வேறு ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தது, துணி மூட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஊக்கு மாதிரி, கை எங்கே போனாலும் குத்தியது. அங்கே காலையில் கண் விழித்தால் பக்கத்தில் யாரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து அவள் தனியாக எழுந்ததே இல்லை. அந்த மூச்சுக்காரி இப்போதெல்லாம் சரியாகப் பேசுவதில்லை. கப்பல் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறாள். நேற்று அப்பா டிக்கெட்டை எடுத்து மேசை மேல் வைத்தார், பூரணி சோற்றுக் கையோடு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. வெறுக்கிறாளா? நான் கிளம்பிப் போனதும் இந்தக் கட்டிலில் கையைக் காலைப் பரப்பிப் படுத்துக்கொண்டு, அப்பாடா என்று மூச்சு விடுவாளா? இனிமேல் லீவுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி, வாங்க, சௌக்கியமா என்று கேட்பாளா? சீட்டை நான் படித்துத்தானே வாங்கினேன். அவளும்தானே படித்தாள். இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை ஒவ்வொரு தடவையும் நின்றுவிடும், பிறகு முதலிலிருந்து சுற்றும். மஞ்சள் சுடிதார் உள்ளே போனது, உடனே வெளியே வந்தது.

அம்மா பொடி டப்பாக்களோடு வந்தாள். கொள்ளுப்பொடி, பருப்புப்பொடி, கடலையுருண்டை, ஒரு பாட்டில் நெய். அம்மாவுக்குத் தெய்வானை என்று பேர், கைக்கு ஓய்வு கொடுத்தே பழக்கமில்லை; அழுகை வந்தால்கூட எதையாவது வறுத்துக்கொண்டேதான் அழுவாள். "இன்னும் பெட்டி காலியாத்தான கெடக்குது? சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாயிரும் கண்ணு. உங்கப்பன் கயிறும் ஆட்டோவும் கொண்டாரப் போயிருக்குது, வந்து குதிக்கப் போகுது" என்று கிசுகிசுத்தாள். வீட்டில் வேறு யாருமே இல்லை, இருந்தும் கிசுகிசுப்புத்தான், அது வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. "மெத்தையச் சுருட்டணுமுங்கம்மா, கப்பல்ல நனஞ்சா என்ன பண்றது?" என்று தாரணியும் கிசுகிசுத்தாள். "அட்டாலில பழைய ஃப்ளெக்ஸ் கெடக்கும் பாரு. கெடா வெட்டுக்கு வெச்சது, எலக்சனுக்கு வெச்சது. ஒண்ண எடுத்துச் சுத்திக் கட்டு, கடலே உள்ள பூந்தாலும் நனையாது." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடினாள். ஊரில் எந்த ஃப்ளெக்ஸையும் கிழிய விடமாட்டார்கள். விசேஷம் முடிந்த மறுநாளே கழற்றி வந்து விறகுக்குப் போர்த்துவார்கள், கடலைக்காய் காயப்போடுவார்கள், மழை வந்தால் எருமைக்கும் அதுதான் கூரை. இவர்கள் எருமை நாலு கட்சித் தலைவர்களின் கீழே படுத்திருந்திருக்கிறது, யாரைப் பற்றியும் ஒன்றும் சொன்னதில்லை. தாரணி ஸ்டூலில் ஏறிப் பரணில் கைவிட்டுத் துழாவினாள். தூசி, ஓட்டைக் குண்டான், நடைவண்டி. அதற்குப் பின்னால், சுவரோரமாக, வேண்டுமென்றே யாரோ தள்ளி வைத்த மாதிரி ஒரு சுருள். இழுத்தாள், வந்தது. தூசியே இல்லை, புதுசு வாசம் அடித்தது.

தரையில் விரித்தாள். முதலில் ஒரு கப்பல் வந்தது. அப்புறம் தென்னை மரம், அப்புறம் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டிருக்கிற ஒரு சிங்கம். சிங்கத்துக்கு எதற்கு ஸ்டெதஸ்கோப் என்று யோசித்துக்கொண்டே இன்னும் உருட்டினாள், எழுத்து வந்தது: மருத்துவம் பயில அந்தமான் செல்லும் எங்கள் வீட்டுச் சிங்கமே செ. தாரணியே, சென்று வருக, வெல்க! ஓரத்தில் வட்டத்துக்குள் அப்பா, கூலிங் கிளாஸோடு. இன்னொரு வட்டத்தில் அம்மா, கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டினது, பக்கத்தில் அப்பாவின் தோள் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே: இவண், முட்டை லாரி நண்பர்கள். நடுவில் ஆளுயரத்துக்கு அவள் முகம். எங்கப்பா! எனக்கு ஃப்ளெக்ஸ் அடித்திருக்கிறார்! எத்தனை அழகாய் இருக்கிறேன், கன்னத்துக்கு ரோஸ் கலர்கூடப் போட்டிருக்கிறான் கடைக்காரன். மண்டி போட்டு முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தாள். நீலச் சுடிதார், காலர் வைத்தது. பரீட்சைக்குப் போட்டோ எடுக்கப் போனபோது போட்டது. இருக்கிறதிலேயே மரியாதையான துணி அது ஒன்றுதான் என்று ஸ்டூடியோவில் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ரெண்டு பேரும் எடுத்தார்கள். தாரணிக்கு அந்தக் காலரின் மேல் பட்டனைப் போட்டால் மூச்சு முட்டும், போடவே மாட்டாள். பூரணி போடுவாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். படத்தில் மேல் பட்டன் போட்டிருந்தது. இது பூரணி. சிங்கத்துக்கும் கப்பலுக்கும் நடுவில், தாரணி என்கிற பேருக்கு மேலே, சிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது பூரணி.

"அய்யய்யோ, அத ஏன்டி எடுத்த!" என்று கரண்டியோடு ஓடி வந்தாள் அம்மா. அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். சீட்டு கிடைத்த செய்தி அப்பாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போது போனில் போயிருக்கிறது. கூட இருந்த டிரைவர்கள் அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் சத்தம் போடக் கூடாது என்கிற தன் சட்டமே மனுசனுக்கு மறந்துபோய், நேராக ஃப்ளெக்ஸ் கடைக்கு. போனில் இருந்த போட்டோவைக் காட்டி, அடிக்கச் சொல்லி, சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, அரைக் கிலோ மைசூர்பாகோடு வந்திருக்கிறார். "வாசல்ல கட்டறேன்னு விரிச்சாரு. நான் பாத்துட்டு, ஏனுங்க, இது நம்ம பூரணியாச்சுங்களேன்னேன். அப்புடியே ஒக்காந்துட்டாரு கண்ணு. நேர்ல பாத்தா முதுகுப் பக்கமிருந்து சொல்லுவாரு இது இவ, இது அவன்னு. ஒருநாள் தப்புனதில்ல. போட்டோவுல கோட்ட வுட்டுட்டாரு. அந்தப் புள்ள இதப் பாத்தா மனசு என்னத்துக்காகும்? தன்ற மூஞ்சியப் போட்டு, அடுத்தவ பேரப் போட்டு... அதான் மேல தூக்கிப் போட்டோம். எரிச்சுப் போடலாம்னாரு, புள்ள மூஞ்சிய எப்புடி எரிக்கறதுன்னு நாந்தான்..." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தாரணியே முதலில் ஏமாந்தாள், அப்பாவை என்ன சொல்ல. இதைப் பூரணி பார்த்தால்? எனக்கு வரவில்லை, ஆனால் என் மூஞ்சிக்கு மட்டும் வந்துவிட்டதா என்று கேட்டால்? சுருட்டு, முதலில் சுருட்டு, மேலே போடு, வேண்டாம், எருமைக் கொட்டகைக்கு... அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு செருப்பு முதலில், கொஞ்சம் கழித்து இன்னொன்று. உலகத்திலேயே ஒருத்திதான் அப்படிக் கழற்றுவாள். அம்மா கரண்டியோடு சமையலறைக்குள் மறைந்தாள். தாரணிக்கு வேறு ஒன்றும் தோன்றாமல், பாவாடையை விரித்து ஃப்ளெக்ஸின் மேலேயே, பூரணியின் மூக்கின் மேலேயே, தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

பூரணி உள்ளே வந்தாள். நெற்றியில் வியர்வை, தோளில் காலேஜ் பை. காலியான பெட்டியைப் பார்த்தாள், கட்டில் முழுக்கச் சிதறின துணியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "எதுக்குடி அடக்கோழியாட்ட ஒக்காந்திருக்கற?" என்றாள். "சும்மாதான். காலு வலிச்சுது." "எந்திரி." "மாட்டேன்." "எந்திரிடி." "காலேஜு அதுக்குள்ள வுட்டாச்சா?" "நான் வந்துட்டேன். எந்திரிங்கறேன்." தாரணி எழவில்லை. கன்னத்தை உள்ளே கடித்து மூஞ்சியை இழுத்து வைத்துக்கொண்டாள், பழகின மூஞ்சி, துக்க மூஞ்சி. பூரணி அந்த மூஞ்சியை ஒரு நிமிஷம் பார்த்தாள், பையைக் கழற்றி எறிந்தாள், குனிந்து பாவாடையின் ஓரத்தைத் தூக்கினாள். தரையிலிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது, அவளுடைய கண். தாரணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இப்போது அழுவாள், இப்போது கத்துவாள், இப்போது எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள், அப்புறம் சாயங்காலம் பஸ் வந்துவிடும், இதோடு முடிந்தது.

"இதுவா?" என்றாள் பூரணி. "இத நான் அன்னைக்கே பாத்துட்டேன்."

தாரணி கண்ணைத் திறந்தாள். பூரணி கட்டிலில் துணிகளின் மேலேயே உட்கார்ந்திருந்தாள், மூக்கு விடைத்திருந்தது, குரல் ஏறியிருந்தது, ஆனால் அழுகைக் குரல் இல்லை. "போர்வ எடுக்க ஏறினேன். பாத்தா நானு! சிங்கத்தோட! எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு, ஸ்டூல்லருந்து உழுந்திருப்பேன். ஓடிவந்து உன்றகிட்டச் சொல்லலாம்னு எறங்குனேன். நீ இங்க எழவு வூட்டுல ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருந்த. உன்ற மூஞ்சியப் பாத்துட்டு எப்புடிடி சொல்றது? நான் யாருகிட்டப் போய்ச் சிரிக்கறது? இத்தன வருசத்துல நான் எப்பவாச்சும் தனியாச் சிரிச்சிருக்கறனா? கொல்லப்பக்கம் போயி எருமைகிட்டச் சிரிச்சேன்." "எருமைகிட்டயா?" என்றாள் தாரணி. "ஆமா எருமைகிட்ட. நேத்து அப்பா டிக்கெட்ட எடுத்து வெச்சாரு, வெச்சுட்டு நீங்க மூணு பேரும் என்ற மூஞ்சிய மூஞ்சியப் பாக்கறீங்க, நான் என்னமோ உசுரு போகப்போற மாதிரி. சோறு எறங்குமா அதுக்கப்பறம்? எனக்கு அழுகை வந்துது, அழுதேன், ஒரு ராத்திரி, தீந்துது. எனக்குக் கணக்குப் புடிச்சிருக்குது, காலேஜு புடிச்சிருக்குது, யாராச்சும் கேட்டீங்களா? சீட்டுப் போனது போச்சு. உன்னயும் இல்லாமப் பண்ணிட்டீங்களேடி எனக்கு! டாக்டருக்குப் போற தங்கச்சி இருக்கறான்னு பீத்திக்கறக்குக்கூட வுடாம, தண்ணித்தொட்டிக்குப் பின்னால நின்னு மைசூர்பாகு திங்கறீங்க. வாசம் வாசல் வரைக்கும் அடிச்சுது." "குழாய்க்கு ஊசி போட்டீல்ல, கதவு இடுக்குல பாத்தேன்," என்றாள் பூரணி, "அந்தக் குழாய்க்கு இப்ப சளி எப்புடி இருக்குது?"

அவ்வளவுதான். எது முதலில் உடைந்தது என்று தெரியாது. தாரணிக்குள் இத்தனை நாளாகத் தலையணைக்கும் எருமைக்கும் சொல்லிச் சொல்லி அடக்கி வைத்திருந்தது எல்லாம் மூக்கு வழியாகவும் கண் வழியாகவும் வாய் வழியாகவும் ஒட்டுக்காகக் கிளம்பியது. சிரித்தாள், இருமினாள், அழுதாள், தரையில் உருண்டாள், ஃப்ளெக்ஸ் சரசரத்தது. பூரணி அவள் மேல் வந்து விழுந்தாள். ரெண்டு பேரும் சிங்கத்தின் மேல் கிடந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள், ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி ஸ்டெதஸ்கோப்பைக் காட்டுவாள், மறுக்கா ஆரம்பிக்கும். என்னமோ ஏதோ என்று ஓடி வந்த அம்மா, ரெண்டையும் பார்த்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்புறம் அவளும் வாயில் முந்தானையை வைத்தாள், அப்புறம் அதை எடுத்துவிட்டுச் சத்தமாகவே சிரித்தாள். வெறுக்கவே இல்லை, வெறுக்கவே இல்லை, இவ்வளவு பெரிய முட்டாள் எப்படி டாக்டராகப் போகிறேன் என்று தாரணி நினைத்தாள், நினைக்க நினைக்கச் சந்தோஷமாக இருந்தது. "கோட்ட எடு" என்றாள் பூரணி. "எந்தக் கோட்டு?" "நான் தினமும் மேல படுத்திருக்கறனே, அந்தக் கோட்டு."

அதற்கப்புறம் பெட்டி நிரம்பினது யாருக்கும் தெரியாது. மெத்தைக்கடியிலிருந்து வந்த வெள்ளைக் கோட்டைப் பூரணி முதலில் தான் மாட்டிக்கொண்டாள், முந்தி வந்தவளுக்கு முதல் உரிமை, அதுதானே சட்டம். மாட்டிக்கொண்டு பீரோவின் முன்னால் நின்று துணிகளை ஒவ்வொன்றாக எறிந்தாள்: இது உனக்கு, இது எனக்கு, இந்த மஞ்ச உனக்கு, எனக்கு மஞ்சளே ஆகாது. "நோம்பிக்கு மஞ்சள் போட்டு ஊஞ்சலாடினது யாரு?" என்றாள் தாரணி. "நீதான்." "நானா?" "பின்ன நானா?" பச்சைத் தாவணி போனது, கும்மியடி என்றாள். கொள்ளுப்பொடி தாவணிக்குள் போனது, நெய்ப் பாட்டில் ரெண்டு சாக்ஸுக்குள் போனது. நீலச் சுடிதாரை மட்டும் அவள் பெட்டிக்குள் எறியவில்லை. "இதப் போட்டுட்டுப் போ. ஃப்ளெக்ஸ்ல இருக்கறவளும் நீயும் ஒண்ணுதான்னு கப்பல்காரன் நம்போணுமல்ல" என்றாள். மெத்தையைச் சுருட்டி, ஃப்ளெக்ஸை மேலே சுற்றினார்கள். தாரணி படத்தை உள்பக்கம் மடிக்கப் போனாள், பூரணி கையில் ஒன்று போட்டாள். "வெளிய இருக்கட்டும். என்ற மூஞ்சியாச்சும் கப்பல் ஏறட்டும். அங்க போயி மெத்தைக்கு அடியில விரிச்சுக்க, மேல நீ படு. மூச்சு மட்டும் நீயே ரெண்டு பேருக்கும் சேத்தி வுட்டுக்க" என்றாள். இவளுக்கு எப்படித் தெரியும்? காலையில் தனியாக எழப் பயமாக இருக்கிறதென்று தாரணி யாரிடமும் சொல்லவில்லையே. அப்பா கயிற்றோடு வந்து வாசலில் நின்றார். சுருளின் மேல் ஆளுயரப் பூரணி, உள்ளே வெள்ளைக் கோட்டில் ஒரு பெண்ணின் முதுகு. அவர் முகம் முதலில் வெளிறியது, அப்புறம் கண் அம்மாவின் சிரிப்பைப் பார்த்தது, அப்புறம் மெல்ல இறங்கி அந்த முதுகுக்கு வந்தது. "பூரணி," என்றார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கோட்டக் கழட்டிக் குடு சாமி. அழுக்காயிரும்." ஒருநாளும் தப்பினதில்லை. "நேர்லன்னா மட்டும் கரெக்டாச் சொல்லுங்க!" என்று பூரணி திரும்பினாள், அப்பா கயிறைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார்.

ஆட்டோவில் இடமில்லை. அப்பா தாரணியைக் கொண்டுபோய்க் காலேஜில் விட்டுவிட்டு வரப் போகிறார்; அவர், இவள், பெட்டி, ஒரு சிப்பம் நிறைய முறுக்கு, அதோடு சரியாகிவிட்டது. மெத்தைச் சுருளை ஆட்டோவின் பின்னால் கட்டினார்கள், முகம் வெளியே தெரிய. பூரணியும் அம்மாவும் வாசலோடு நிற்க வேண்டியதுதான், எருமையிடம் பால் கறக்கவும் ஆள் வேண்டுமே. தாரணி நீலச் சுடிதாரில் ஏறி உட்கார்ந்தாள். போயிட்டு வர்றேன் என்றாள், பூரணி தலையை ஆட்டினாள், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ கிளம்பி, பாப்பாயக்கா வீட்டைத் தாண்டி, அரச மரத்துப் பக்கம் திரும்பப் போகையில் பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. தாரணி தலையை வெளியே நீட்டினாள். பூரணி நடுத்தெருவில் வெறுங்காலோடு நின்றிருந்தாள், ரெண்டு கையையும் வாயில் குவித்து, இத்தனை நாளாக அந்த வீட்டில் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாததை ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்: "என்ற தங்கச்சி டாக்டருக்குப் படிக்கப் போறா! எல்லாரும் பாத்துக்கங்க, டாக்டருக்குப் போறா!" கதவுகள் திறந்தன. பாப்பாயக்கா ஆட்டுக் கயிற்றோடு வெளியே வந்தாள். "அட, உனக்கு இப்பத்தான் தெரியுமா?" என்று அவள் கேட்டது வரைக்கும் காதில் விழுந்தது. ஆட்டோ திரும்பியது. பின்னால் கட்டின முகம் இன்னும் தெருவைப் பார்த்துக்கொண்டே போயிருக்க வேண்டும். தாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்த கையாலேயே கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டாள்.